மலைக்குத் தர வேண்டிய கடன்

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால், மலைமீது மழை பெய்த செய்தியைக் கச்சிராயபாளையத்தில் எவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஒரு துளியும் விழாதிருக்கலாம். வானம் வெளிறிக் கிடக்கலாம். ஆயினும் மேற்கே கல்வராயன் மலைமீது இரவெல்லாம் மேகம் கவிந்திருந்தால், மறுநாள் காலையில் கோமுகி அணைக்குள் நுழையும் நீர் செந்நிறமாக மாறியிருக்கும். பொட்டியம், கல்படை, பரங்கிநத்தம் என்னும் ஓடைகள் மலையிலிருந்து அந்தச் செய்தியைச் சுமந்து வந்து சேர்த்துவிடும்.

இப்பகுதியில் பங்குப் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில், அந்தக் காட்சியை நான் மறையுரையில் வருணித்தேன். படைப்பின் அழகைச் சொல்ல அதனினும் சிறந்த உவமை கிடைக்குமா என்று எண்ணினேன். திருப்பலி முடிந்ததும், எண்பது வயதைக் கடந்த முன்னாள் உபதேசியார் கைத்தடியை ஊன்றியபடி என்னிடம் வந்தார். “சாமி, தப்பா நெனைக்காதீங்க. அது தண்ணியோட நெறம் இல்ல. மலையோட தோலு. வருசா வருசம் உரிஞ்சு வருது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. மலையின் தோல் உரிவதற்கு நானும் ஒரு காரணமாக இருந்தவன் என்பதை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ, நான் அறிவேன். அதனை இங்கே ஒளிக்காமல் எழுதவே முற்படுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக அறியப்படுவது. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், சேலம் முதலிய அண்டை மாவட்டங்களிலும் அது பரவிக் கிடக்கிறது. அதன் அடிவாரத்தில், 1960களில் கட்டப்பட்ட கோமுகி அணை நிற்கிறது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 46 அடி; பாசனம் பெறும் நிலம் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல். நெல்லும் கரும்பும் இந்நீரை நம்பியுள்ளன. கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் இரண்டாவது ஆலை கச்சிராயபாளையத்தில் அமைந்திருப்பதே இவ்வூரின் நீர்வளத்துக்குச் சான்று. அணையைக் கடந்த கோமுகி மணிமுத்தாற்றில் கலந்து, வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. ஆக, மலையில் ஒருவர் மண்வெட்டியை எந்தத் திசையில் வீசுகிறார் என்பது, அவரை ஒருநாளும் பார்த்திராத கரும்பு உழவரின் வயலில் எவ்வளவு நீர் பாயும் என்பதை முடிவுசெய்கிறது.

மலைமேல் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. நாடு விடுதலை பெற்ற பிறகும் நெடுங்காலம் அவர்கள் ஜாகிர்தாரர்களின் ஆளுகைக்கு உட்பட்டே வாழ்ந்தனர். 1976-இல்தான் அந்த ஆளுகை முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. தாம் உழும் நிலத்துக்குப் பட்டா இல்லை என்னும் குறை அதற்குப் பின்னரும் பலருக்குத் தொடர்ந்தது. சாமை, தினை, கேழ்வரகு விதைப்பதும், கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்துக் கீழே கொண்டுவந்து விற்பதுமே அவர்களுடைய பழைய வாழ்வு.

1990களின் இறுதியில் நான் இப்பகுதியில் இளம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். குருமடத்தில் விடுதலை இறையியல் பற்றிய நூல்களைப் படித்து முடித்த சூடு ஆறாத காலம் அது. மலைக் கிராமம் ஒன்றுக்கு மாதந்தோறும் செல்வேன். மக்கள் உண்பதற்குச் சாமை இருந்தது. கையில் காசு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குச் செல்லும் வழிச்செலவுக்குக்கூட வட்டிக்கு வாங்கினார்கள். ஏழைகளுக்கு இரக்கம் போதாது, வருவாய் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சேலம் பகுதியில் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்குக் காத்திருந்தன. சிறு குழு ஒன்றை அமைத்து, சிறு கடன் ஏற்பாடு செய்து, மரவள்ளிக் குச்சிகளைக் கீழிருந்து வண்டியில் ஏற்றி அனுப்பினேன். “சாமையை விட்டுவிடுங்கள், இதனைப் போடுங்கள்” என்று கொல்லை கொல்லையாகச் சென்று சொன்னேன். என்னைப் போலவே பலரும் சொன்னார்கள், கடைக்காரர் சொன்னார், தரகரும் சொன்னார். ஆனால் சாமி சொல்கிறார் என்பதற்கு ஒரு தனி எடை இருந்தது.

மரவள்ளி தந்த நன்மையை மறைத்தால் நான் பொய்யனாவேன். அந்தக் கிழங்கின் பணத்தில் பிள்ளைகள் வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் சென்று படித்தார்கள். கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாயின. வட்டிக்காரரின் வாசலில் நிற்பது குறைந்தது. இன்று நகரத்தில் அமர்ந்துகொண்டு, மலைவாழ் மக்கள் சிறுதானியத்தைக் கைவிட்டார்களே என்று வருந்துகின்ற அன்பர்கள், அந்த மக்களின் கையில் அதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

ஆயினும் மலைச்சரிவில் மரவள்ளி ஒரு கடன்காரப் பயிர். சாமையை நெருக்கமாகத் தூவுவார்கள். அதன் சல்லிவேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். கதிரை அறுத்த பின்னும் தாள் மண்ணிலேயே நிற்கும். மரவள்ளியையோ ஏறக்குறைய மூன்றடிக்கு ஒன்றாக நடுகிறோம். முதல் மூன்று மாதங்கள் அது மெல்ல வளரும். அதுவரை இடைவெளியெல்லாம் வெறும் மண். அந்த மண்மீது மழை நேரடியாக அறைகிறது. பத்தாம் மாதத்தில் கிழங்கை எடுக்கும்போது செடியோடு மண்ணையும் பெயர்த்துப் புரட்டுகிறோம். அடுத்த மழைக்கு அந்தத் தளர்ந்த மண் கீழே இறங்கத் தயாராக இருக்கிறது. சமவெளியில் இதனால் பெருந்தீங்கில்லை. சரிவில், ஆண்டுதோறும், இருபது ஆண்டுகள் இதனையே செய்தால் என்ன நேரும் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு இறையியல் தெரிந்திருந்தது, மண்ணியல் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்னும் பணிவும் இல்லை.

வேறு பல பங்குகளில் பணிபுரிந்துவிட்டு, தலை நரைத்தபின் மீண்டும் இங்கே வந்தேன். அன்று நான் முதன்முதலில் குச்சி கொடுத்த பெரியவரின் கொல்லையைக் காணச் சென்றேன். மேற்சரிவில் பாறை முதுகெலும்பைப் போலத் துருத்தி நின்றது. முன்பு அங்கே பாறை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

“இந்தப் பாறை முன்பே இருந்ததா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“இருந்துச்சு சாமி. மண்ணுக்குள்ள இருந்துச்சு” என்றார்.

மண் குறையக் குறையக் கிழங்கும் சிறுத்தது, மாவுச்சத்தும் குறைந்தது. ஆலையில் கிழங்கை ‘பாயிண்ட்’ பார்த்தே விலை போடுகிறார்கள். ஒவ்வொரு பாயிண்ட் குறையும்போதும் விலையும் குறையும். அதனை ஈடுகட்ட உரம் வாங்க வேண்டும். உரத்துக்குக் கடன் வாங்க வேண்டும். எந்த வட்டிக்காரரிடமிருந்து விடுவிக்க நான் மரவள்ளியைக் கொண்டுவந்தேனோ, அதே வாசலுக்கு மரவள்ளியே அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. அவருடைய மகன் ஆண்டில் பாதி நாள் வெளிமாநிலத்தில் கூலி வேலை. மலைநிலம் கைவிட்ட இளைஞர்கள் எங்கெங்கோ செல்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட 20 தொழிலாளர்களும் தமிழகத்திலிருந்து கூலிக்குச் சென்றவர்களே. அச்செய்தியைப் படித்த நாளில், மலையடிவாரத்துத் தாய்மார்களின் கண்களில் நான் கண்ட அச்சத்தை மறக்க இயலாது.

இந்த நிலையில் 2021-ஆம் ஆண்டில் மற்றொரு துன்பம் வந்தது. மரவள்ளியின் நுனியிலைகள் சுருண்டு, கொத்தாகத் திரண்டு, வெண்மாவு படிந்ததுபோல் ஆயின. அது மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் தமிழகத்துக்கும் பரவியது. பெருந்தொற்றுக் காலம், வருவாயில்லை. இருந்தும் கடன் வாங்கி மருந்தடித்தார்கள். மருந்து மழையில் கரைந்து கோமுகிக்கே வந்தது, பூச்சி போகவில்லை.

அப்போது கிடைத்த உதவியின் வரலாற்றை வாசகர்கள் அறிய வேண்டும். 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் நுழைந்து, கிழங்கையே உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களைப் பசியின் விளிம்பில் நிறுத்தியது. ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரும் அவரோடு உழைத்தவர்களும், அப்பூச்சிக்கு அதன் தாயகத்தில் இயற்கைப் பகைவர் யார் என்று தேடினார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் ஒரு சிற்றினக் குளவி கிடைத்தது. எறும்பினும் சிறிய அது, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பிறக்கும் புழு பூச்சியை உள்ளிருந்து உண்டு அழிக்கும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அக்குளவியைப் பரப்பிப் பயிரைக் காத்தார்கள். அப்பணிக்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே குளவியை, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வளப் பணியகம் 2021-இல் தருவித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் அதனை வயலில் விடுவித்த இடங்களுள் ஒன்று சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். ஏத்தாப்பூர் எங்கே இருக்கிறது? எங்கள் கல்வராயன் மலையின் மறுபுறத்தில், தெற்கே!

பராகுவேயில் கண்டு, ஆப்பிரிக்காவில் வளர்த்து, எங்கள் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது அந்த அறிவு. ஏழை நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆய்வு என்பது நமக்குத் தொடர்பில்லாத மேதைகளின் பொழுதுபோக்கு என்னும் என் பழைய எண்ணம் அன்று உடைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு மலையைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் சென்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சரிவில் மரவள்ளியை எப்படி நடுவது என்பதையேனும் அறிந்திருப்பேனே!

இனியேனும் கேட்போம் என்று துணிந்தேன். சரிவில் மரவள்ளி மண்ணரிப்பைத் தடுக்கும் வழிகளை 1990களில் தாய்லாந்திலும் வியத்நாமிலும் உழவர்களைக் கொண்டே சோதித்திருக்கிறார்கள். அந்த முறை மிக எளிது. சரிவில் பாத்திகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகையாகப் பயிரிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நீண்ட பள்ளம் தோண்டி, அதில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிவிடுவார்கள். மழை இழுத்து வரும் மண் பள்ளத்தில் தங்கும். எந்தப் பாத்தி எவ்வளவு மண்ணை இழந்தது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் கண்டுகொள்ளலாம்.

எங்கள் கோயிலுக்கு மலையடிச் சரிவில் சிறிது நிலம் உண்டு. அதன் குத்தகைப் பணத்தில்தான் மலைப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் ஏழை உழவர். அவர் போடுவதும் மரவள்ளியே. ஆக, மண்ணை விற்றுத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். பங்குப் பேரவையில் இதனை எடுத்துரைத்தபோது பெரும் வாக்குவாதம் எழுந்தது.

“மண்ணைக் காக்கணும், சரிங்க ஃபாதர். மாலைப் பள்ளி டீச்சருக்குச் சம்பளம் யார் தர்றது?” என்று கணக்குப் பார்ப்பவர் கேட்டார். நியாயமான கேள்வி. குத்தகைதாரரோ வாய் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் அன்பியப் பொறுப்பாளராகிய ஒரு தாய் எழுந்து, “அவர் நஷ்டத்துல நாம நல்லவங்க ஆகக் கூடாது. சோதனைக்கு எடுக்குற எடத்துக்குக் குத்தகைய விட்டுடுவோம். பள்ளிக்கூடத்துச் செலவ நாம பங்கு போட்டுக்குவோம்” என்றார். அப்படியே முடிவாயிற்று. எங்களால் முழுதும் ஈடுகட்ட இயலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு நாட்கள் நடந்த மாலைப் பள்ளி அவ்வாண்டு நான்கு நாட்களாகக் குறைந்தது. நல்ல செயல்கள் செலவின்றி நடப்பதில்லை. அந்தச் செலவு பெரும்பாலும் சிறியோர் தலையிலேயே விழுகிறது.

2022-இல் மூன்று பாத்திகள் அமைத்தோம். முதலாவதில் வழக்கம்போல் மேலும் கீழுமாக மரவள்ளி. இரண்டாவதில் சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் மரவள்ளி, இடையில் தட்டைப்பயறு, அடிவரப்பில் வெட்டிவேர் வரிசை. மூன்றாவதில் சாமை. பள்ளங்களில் தார்ப்பாயை விரித்தோம். வடகிழக்குப் பருவமழை வந்தது. முதல் பள்ளம் நிரம்பி வழிந்தது. இரண்டாவதில் பாதியளவும் இல்லை. சாமைப் பாத்தியின் பள்ளத்தில் அடியில் மெல்லிய படலமே தங்கியிருந்தது.

மலைமேலிருந்து அந்தப் பெரியவரை அழைத்துவந்து காட்டினேன். முதற்பள்ளத்தில் முழங்கை வரை கையை விட்டு மண்ணை அளைந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “வெட்டிவேர் வெச்சா மண்ணு நிக்கும். சரி சாமி. அணையில சேறு தங்காது. கீழ கரும்புக்காரருக்குத் தண்ணி கூடும். வெட்டிவேர் வெக்கற எடத்துல எனக்கு ரெண்டு வரிசை கெழங்கு போகும். கல்லு பொறுக்கி வரப்பு கட்ட ரெண்டு மாசக் கூலி போகும். எல்லாருக்கும் லாபம். எனக்கு என்ன?”

பேராசைக்காரரின் கேள்வியன்று அது. நம் நாட்டின் சுற்றுச்சூழல் கொள்கைகள் பலவும் தடுமாறி விழும் இடமே அக்கேள்விதான். அன்று நான் விடை சொல்லவில்லை. பின்னர் படித்ததில், இதே கேள்வியைக் கேட்ட ஓர் ஊர் நம் நாட்டிலேயே இருப்பதை அறிந்தேன்.

சண்டிகர் நகரில் 1958-இல் உருவாக்கப்பட்ட சுக்னா ஏரி, 1970களுக்குள் வண்டலால் வெகுவாகத் தூர்ந்துபோயிற்று. பி. ஆர். மிஸ்ரா என்னும் மண்வள ஆய்வாளர், அந்த வண்டல் எங்கிருந்து வருகிறது என்று ஓடையைப் பின்பற்றி மேலே சென்றார். அது ஹரியானாவின் சிவாலிக் குன்றடியிலிருந்த சுகோமாஜ்ரி என்னும் ஏழைச் சிற்றூரின் மொட்டைச் சரிவுகளிலிருந்து வந்தது. ஆடுமாடுகளைக் குன்றில் விடாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. நகரத்தார் படகு விடும் ஏரிக்காக நாங்கள் ஏன் ஆட்டை விற்க வேண்டும் என்பதே ஊராரின் நிலை. 1976-இல் அவ்வூரிலேயே மழைநீரைத் தேக்கும் ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது. வறண்ட வயலுக்கு நீர் கிடைத்தது. குன்றைக் காத்தால்தான் தங்கள் குளம் தூராது என்பதை ஊரார் கண்டனர். தாங்களே முன்வந்து மேய்ச்சலை நிறுத்தினர். ஆனால் நிலமுள்ளவருக்கு மட்டுமே நீர் பயன்பட்டால், நிலமற்றவர் ஏன் ஆட்டைக் கட்டிவைக்க வேண்டும்? எனவே நிலமில்லாத குடும்பம் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று வகுத்தனர். வேலியும் காவலரும் செய்யாததை நீதி செய்தது. நகரத்து ஏரிக்கு வரும் வண்டலும் குறைந்தது.

உலகின் வேறிடங்களிலும் இவ்வுண்மையைச் சட்டமாக்க முயன்றிருக்கிறார்கள். கோஸ்டாரிகா நாடு 1996-இல் இயற்றிய வனச்சட்டம், காட்டைக் காத்து நீர்வளத்தைப் பெருக்கும் நில உரிமையாளருக்கு அச்சேவைக்காகப் பணம் வழங்க வழிசெய்தது. அதற்கு வேண்டிய நிதியின் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. கீழே இருப்பவன் நன்மை பெறுகிறான். ஆகவே மேலே இருப்பவனுக்கு அவன் கடன்பட்டவன் என்பதே அதன் உட்பொருள்.

நம் மாநிலத்தில் என்ன செய்கிறோம்? ஏரிகளிலும் அணைகளிலும் படிந்த வண்டல் மண்ணை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அனுமதிக்கிறது. 2024-இல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும் வகையில் எளிதாக்கியது. நல்ல திட்டம்தான், நீர்நிலையும் ஆழமாகிறது, வயலும் வளம் பெறுகிறது. ஆனால் அந்த வண்டல் யாருடையது என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். மலையில் ஓர் ஏழையின் கொல்லையிலிருந்து உரிந்து வந்த மேல்மண் கீழே இலவச உரமாகிறது. இழந்தவரோ மேலே கடன் வாங்கி உரம் வாங்குகிறார். அணையில் சேர்ந்த சேற்றை அள்ள ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, சேறு புறப்படும் இடத்திலேயே கல் வரப்புக்கும் வெட்டிவேருக்கும் சாமைக்கு நல்ல விலைக்கும் செலவிட்டால் ஆகாதா? மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தபோதே, நீரையும் மண்ணையும் காக்கும் பணிகளுக்கு அதில் முதலிடம் தரப்பட்டது. 2006-இன் வன உரிமைச் சட்டமும் உழும் நிலத்தின்மீது பழங்குடியினருக்கு உரிமையை ஏற்கிறது. தன்னுடையது என்னும் உறுதி இல்லாத நிலத்தில் எவர் பத்தாண்டு நிற்கும் வரப்பைக் கட்டுவார்? பட்டாவும் ஒரு மண்காப்புப் பணியே என்பதை நான் இந்த மலையில்தான் கற்றேன்.

ஒன்றை வேதனையோடு சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றது. அதன் பின்னரே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரிக்கலாயிற்று. சாலை, பள்ளி, மருத்துவம், வாழ்வாதாரம் ஆகியவை பற்றி அப்போது பல கேள்விகள் எழுந்தன. மலையைப் பற்றிப் பேச அடிவாரத்தில் அத்தனை பிணங்கள் விழ வேண்டியிருந்தது.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர் ஒரு செய்தியை அழுத்திச் சொல்வார். திருடியவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். இதனை ஈடுசெய்தல் என்று தூய தோமா அக்குவினா விரிவாக ஆராய்ந்துள்ளார். சக்கேயுவின் மனமாற்றம் கண்ணீரில் முடியவில்லை, கணக்கில் முடிந்தது என்பதையும் விவிலியம் படிப்போர் அறிவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டுள்ளன என்று கூறினார். அதனைப் படித்தபோது நானும் ஆமென்று தலையசைத்தேன். கடனாளி எங்கோ கடலுக்கப்பால் இருப்பதாக எண்ணினேன். கோமுகியின் நீரில் குளித்து, அந்நீரில் விளைந்த சோற்றை உண்டு, மலைமண் வந்து படிந்த வயல்களின் காணிக்கையில் வாழும் நானும் கடனாளியே என்பது பிறகுதான் உறைத்தது. கூடவே, தவறான அறிவுரை தந்தவன் என்னும் கடனும் எனக்குத் தனியாக உண்டு.

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், வெள்ளிக்கிழமைகளில், எங்கள் பங்கு இளைஞர்களும் கரும்பு உழவர்கள் சிலரும் மலையேறினோம். பெரியவரின் கொல்லையில் கல் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே வரப்பு அடுக்கினோம். நோன்பு மறுத்த வயிற்றைவிட, கல் தூக்கிய தோள் நன்றாகச் செபித்தது என்று ஓர் இளைஞன் சொன்னான். பணி முடிந்ததும் பெரியவர் வரப்பின்மீது ஏறி நடந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. இன்னும் முந்நூறு கொல்லை இருக்கு சாமி” என்றார். பாராட்டாகவும் பழிப்பாகவும் அது இருந்தது. அவர் சொன்னது சரி. ஒரு கொல்லைக்கு அடியார்கள் கல் அடுக்கலாம். ஒரு மலைக்கு அரசின் கொள்கைதான் கல் அடுக்க முடியும். நம் கடமை அந்த ஒரு வரப்போடு முடிவதில்லை. கிராம சபையில் எழுந்து பேசுவதும், பட்டா கேட்டு மனு எழுதித் தருவதும், ஆய்வு நிலையத்தின் கதவைத் தட்டுவதும் நம் கடமையே.

அவ்வாண்டு பெரியவர் கல் வரப்புக்கு மேலே சிறு பகுதியில் சாமை விதைத்தார், மீதியில் மரவள்ளிதான். முழுதும் சாமைக்கு மாறும்படி நான் சொல்லவில்லை. ஒருமுறை அவருக்குப் பயிரைத் தேர்ந்துகொடுத்தவன் நான். இரண்டாம் முறை அதனைச் செய்யும் உரிமை எனக்கில்லை.

கோமுகி இப்போதும் சிவந்தே வருகிறது. ஒரு வரப்பினால் ஓர் ஆறு தெளிந்துவிடாது. முன்னாள் உபதேசியார் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவருடைய அடக்கத் திருப்பலியில், அவர் எனக்குக் கற்பித்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி நன்றி கூறினேன். செந்நிற நீரைக் காட்டிப் படைப்பின் அழகை நான் இப்போது வருணிப்பதில்லை. ஐப்பசியில் ஆறு நிறம் மாறும் ஞாயிற்றுக்கிழமையில், “கடன் சீட்டு வந்திருக்கிறது” என்று மட்டும் மக்களிடம் சொல்கிறேன். எதைச் சொல்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.